ஜெயிக்க முடியாத பாத்தி

முதல் கட்டியைப் பிரகாசி கம்ப்யூட்டர் திரையில் வைத்த அதே நேரத்தில் அது அவளுடைய அண்ணன் வீட்டு மொட்டைமாடியில், தரையிலிருந்து இடுப்பு உயரத்தில், எதன் மேலும் இல்லாமல் வந்து நின்றது. அங்கே ஈரத்துணியை உதறிக்கொண்டிருந்த மைனி ரெஜினா அதைச் சுற்றி ஒருதரம் நடந்தாள், விரலால் தேய்த்துப் பார்த்தாள், அழுக்கு ஒட்டாது என்று தெரிந்ததும் புருஷனின் கைலியைப் பிழிந்து அதன் மேல் விரித்துவிட்டு, கொடியில் இடம் போதவில்லை என்று தான் வருஷக்கணக்காகப் புலம்பியதற்கு யாரோ ஒருவழியாகக் காது கொடுத்திருக்கிறார்கள் என்ற திருப்தியோடு கீழே இறங்கிப் போனாள்.

பிரகாசி அப்போது தூத்துக்குடி பஜாரை ஒட்டிய ஒரு சந்தில், இன்ஜினியர் தாவீதின் அலுவலகத்தில், மத்தியான நேரத்தில் டிபன் பாக்ஸைத் திறக்காமல் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தாள். வீட்டு பிளான் வரைவது அவள் வேலை. வீடு கட்ட வந்தவர்கள் எல்லோரும் ஒரே வீட்டைத்தான் கேட்டார்கள்: தென்கிழக்கில் அடுப்பு, தென்மேற்கில் பீரோ, சுற்றிலும் எதிர்வீட்டுக்காரன் எட்டிப் பார்க்க முடியாத உயரத்தில் காம்பவுண்டு சுவர். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போய் முழங்காலில் நின்றவர்களும் திங்கட்கிழமை காலையில் வந்து அக்கினி மூலை சரியாக இருக்கிறதா என்று கேட்டார்கள். இருபது வயதிலிருந்து முப்பத்தாறு வயதுவரை அவள் அந்த ஒரே வீட்டைத் திரும்பத் திரும்ப வரைந்துகொண்டிருந்தாள். இரவில் அண்ணன் வீட்டு நடையில், ஃபிரிட்ஜுக்கும் தையல் மெஷினுக்கும் இடையில், பாய் விரித்துப் படுத்தாள். கக்கூசுக்குப் போகிறவர்கள் அவளைத் தாண்டித்தான் போனார்கள். உள்ளிருந்து தாழ்ப்பாள் போட்டுக்கொள்ளக்கூடிய ஒரு கதவுக்குப் பின்னால், குளிக்கும் நேரம் தவிர, அவள் ஒருநாளும் இருந்ததில்லை.

கம்ப்யூட்டரில் ஒரு விளையாட்டைச் செய்ய ஆரம்பித்தது அதற்காகத்தான். கம்ப்யூட்டர் சென்டரில் படித்ததும், பிளான் வரையும்போது தானாகப் பிடிபட்டதும் அதற்குப் போதுமானதாக இருந்தன. திரை நிறைய உப்பளத்துப் பாத்தி மாதிரி வெள்ளையான, விளிம்பே இல்லாத ஒரு தரை. அதில் உப்பைப் போலவே சதுரமான கட்டிகள். உப்புத் தூளை லென்ஸ் வைத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், எல்லாம் குட்டிக் குட்டிப் பெட்டிகள். கட்டியை எடுக்கலாம், வைக்கலாம், வைத்த இடத்தில் அது நிற்கும், தரை வேண்டும் என்று கேட்காது. அவ்வளவுதான். அதற்கு அவள் பாத்தி என்று பெயர் வைத்தாள்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது அண்ணன் சில்வேஸ்டர் மொட்டைமாடியில் கட்டியைத் தோளால் முட்டிக்கொண்டிருந்தான். துறைமுகத்தில் மூட்டை ஏற்றுகிற ஒப்பந்தக்காரனிடம் மேஸ்திரியாக இருப்பவன், தோளில் நம்பிக்கை உள்ளவன்.

"கொஞ்சம் வெயில் பக்கம் நகட்டுங்கன்னேன், அசைய மாட்டேங்கு," என்றாள் ரெஜினா.

பிரகாசி ரெண்டு விரலால் தள்ளினாள். அது வெயில் பக்கம் நகர்ந்து நின்றது. சில்வேஸ்டர் மறுபடி முட்டிப் பார்த்தான். அசையவில்லை.

"என்னதுட்டி இது?"

"கட்டி. நான் வச்சது."

"எதுக்கு?"

"சும்மா."

"சும்மா எதுக்கு ஒண்ண வைக்க?" என்றான் அவன், தோளைத் தடவிக்கொண்டு. அந்தக் கேள்வி பிறகு ஊர் முழுக்க அலைந்து திரிந்து, கோட்டு போட்டுக்கொண்டு, விமானம் ஏறி வந்து அவளிடமே திரும்பக் கேட்கப்படும் என்று அப்போது யாருக்கும் தெரியாது.

அடுத்து வந்த மத்தியானங்களில் அவள் ஒரு அறை கட்டினாள். மொட்டைமாடிக்கு மேலே, தூண் இல்லாமல், கையை உயர்த்தினால் எட்டாத உயரத்தில் அது நின்றது: ஒரு ஜன்னல், ஒரு கதவு, கதவின் உள்பக்கம் ஒரு தாழ்ப்பாள். அதற்குப் போக ஒன்றையொன்று தொடாத படிகள், மைனி துணி போட்ட அந்த முதல் கட்டியிலிருந்து தொடங்கி. குடும்பத்தோடு ஏறிப் பார்த்தார்கள். பிள்ளைகள் குதித்தன. ரெஜினா சுவரைத் தட்டினாள், மூலைகளை எண்ணினாள், "பாத்ரூம் வைக்கலியா?" என்றாள். அன்று ராத்திரி பிரகாசி பாயைச் சுருட்டிக்கொண்டு மேலே போய்த் தாழ்ப்பாளைப் போட்டாள், எடுத்தாள், மறுபடி போட்டாள், பிறகு தூங்கினாள்.

விளையாட்டை ஊருக்குக் கொடுத்தது முத்துலிங்கம். காலனி முக்கில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தவன், அவளோடு பள்ளிக்கூடத்தில் படித்தவன். அவள் ஒரு பென் டிரைவில் கொண்டுவந்து காட்டியதை மத்தியானம் முழுக்க விளையாடினான், ஆதார் கார்டு ஜெராக்ஸ் எடுக்க வந்தவர்களை நிற்க வைத்துவிட்டு.

"ஏ பிரகாசி, இதுல எப்படி ஜெயிக்கது?"

"ஜெயிக்க முடியாது."

"அப்ப தோக்கலாமா?"

"தோக்கவும் முடியாது."

"எப்ப முடியும்?"

"முடியாது."

அவன் யோசித்தான். "ஜெயிக்கவும் முடியாது, தோக்கவும் முடியாது, முடியவும் முடியாது. இது விளையாட்டில்லட்டி, கல்யாணம்." சொல்லிவிட்டு அடுத்த கட்டியை வைத்தான். கடைக்கு வந்தவர்கள் எல்லோருடைய போனிலும் அதை ஏற்றிக் கொடுத்தான். எல்லோரும் அதே கேள்விகளை அதே வரிசையில் கேட்டார்கள், இது என்ன எழவு விளையாட்டு என்று அதே வார்த்தையில் திட்டினார்கள், போனைக் கீழே வைக்கவில்லை.

அந்த ஊரில் திரையில் எதை வைத்தாலும், வைக்கும்போது எந்த இடம் மனதில் இருந்ததோ அந்த இடத்தில், அது வந்து நின்றது. ஏன் இந்த ஊரில் மட்டும் என்று யாரும் கேட்கவில்லை. தங்களுக்கு மட்டும் கிடைக்கிற ஒன்றுக்குக் காரணம் தேடுகிற வழக்கம் அங்கே கிடையாது. கடலின் மேல் நடைபாதை போட்டிருக்கலாம், கலங்கரை விளக்கத்துக்கு ஒரு தம்பி கட்டியிருக்கலாம், உப்பள வேலைக்காரர்கள் வெயிலில் நிற்கும் வரப்புகளுக்கு மேலே மேகம் மாதிரி ஒரு கூரையைத் தொங்கவிட்டிருக்கலாம், கட்டிகள் ஒன்றும் சொல்லியிருக்காது. அவர்கள் காம்பவுண்டு சுவர் கட்டினார்கள். ஒருவன் இடுப்பளவு கட்டினான், பக்கத்து வீட்டுக்காரன் அதைப் பார்த்துத் தோளளவு கட்டினான், இவன் மறுநாள் தலைக்கு மேலே ஏற்றினான், அவன் அதற்கு மேலே உடைந்த பாட்டில் மாதிரி மூலை மேலே நிற்கும்படி கட்டிகளை வைத்தான், கடைசியில் ரெண்டு வீட்டுக்கும் வெயில் வராமல் போய் ரெண்டு வீட்டுப் பெண்களும் துணி காயப்போட ரெஜினாவின் மாடிக்கு வந்தார்கள். சுவர் கட்டி முடித்தவர்கள் தெருமுனைகளில் வளைவு கட்டினார்கள், வளைவில் தலைவர்களின் முகங்களைக் கட்டினார்கள், சதுரக் கட்டிகளில் எல்லா முகமும் ஒரே முகமாக வந்ததால் கட்சிக்காரர்களுக்குள் சண்டை வந்து, பிறகு அதே காரணத்தால் சமாதானமும் வந்தது.

வைத்தவன் கை பட்டால் மட்டுமே கட்டி நகரும் என்பது அவர்களுக்கு ரொம்பப் பிடித்திருந்தது. பக்கத்து வீட்டுக்காரனால் அசைக்க முடியாத சுவர் என்பது அவர்கள் பரம்பரையாக ஜெபித்துக் கேட்டது. தெருவுக்குக் குறுக்கே சுவர் வைத்த ஒருவர் மார்வலியில் இறந்தபோது அந்தச் சுவரை நகர்த்த ஆளில்லாமல் போயிற்று, பிணத்தைக்கூட சுற்றுவழியில்தான் கொண்டுபோனார்கள், மினி பஸ் இன்றுவரை சுற்றித்தான் போகிறது. அவருடைய பிள்ளைகள் அதை அப்பாவின் நினைவு என்று சொல்லிக்கொண்டார்கள்.

அதைவிட வேடிக்கை, ஒருவர்கூடக் கட்டியை அந்தரத்தில் வைக்கவில்லை. நிற்கும் என்று தெரியும், தினமும் தலைக்கு மேலே பிரகாசியின் அறை நிற்பதைப் பார்த்துக்கொண்டே போனார்கள், ஆனாலும் ஒவ்வொருவரும் முதலில் அஸ்திவாரம் வைத்தார்கள், அதற்கு நல்லநேரம் பார்த்தார்கள், பாதிரியாரையோ பூசாரியையோ கூப்பிட்டுத் தண்ணீர் தெளித்தார்கள், மாடி வேண்டும் என்றால் கீழே தூண் வைத்துத்தான் மேலே போனார்கள். சில்வேஸ்டரால் அதைப் பொறுக்கவே முடியவில்லை. "தூணு இல்லாம ஒரு ரூமு, நாளைக்கு நாலு பேரு என்ன சொல்லுவான்?" என்று தன் போனை எடுத்து, நாலு மூலைக்கும் நாலு தூண் கட்டினான். கணக்குத் தவறி, தூண்கள் அறையின் தரைக்கு ஒரு விரல்கடை கீழேயே நின்றுவிட்டன. எதையும் தாங்காமல் நின்ற அந்தத் தூண்களைக் கீழேயிருந்து பார்த்து அவன் நிம்மதியடைந்தான்.

பிறகு வரி போடுகிறவர்கள் வந்தார்கள். தரையைத் தொடாத கட்டடத்துக்கு எந்தக் கணக்கில் வரி போடுவது என்று கொஞ்சநாள் ஃபைல் அலைந்தது. முடிவில், தரையைத் தொடுவது நிழல்தான் என்பதால் நிழலை அளந்து வரி போடலாம் என்று தீர்மானித்தார்கள். ஒருவர் டேப் பிடித்தார், ஒருவர் குடை பிடித்தார். எந்த நேரத்து நிழல் என்று காலனிச் சங்கத்தில் ரெண்டு கட்சி உண்டாயிற்று. உச்சி வெயிலில் அளக்க வேண்டும் என்று வீட்டுக்காரர்கள் சொன்னார்கள். சாயங்காலம் உன் சுவரின் நிழல் என் முற்றத்தில் வந்து படுக்கிறது, வாடகை கொடு என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் சொன்னார்கள். ஒரு கிழவர் தன் முற்றத்து நிழலின்மேல் முள்வேலி போட்டார், அது சாயங்காலம் வேலிக்கு வெளியே நழுவிப் போவதைத் தினமும் உட்கார்ந்து திட்டினார். பிரகாசியின் அறை நிழல் மொட்டைமாடியில் விழுந்ததால் வரி சில்வேஸ்டரின் பெயரில் வந்தது. அவன் அந்த ரசீதை பிரேம் போட்டு மாதா படத்துக்குப் பக்கத்தில் மாட்டினான்.

"வரி என் பேர்ல வருது. அப்ப ரூமு யாரோடது?" என்று சாப்பாட்டு நேரத்தில் பொதுவாகக் கேட்டான்.

"அதெல்லாம் இப்ப எதுக்கு?" என்றாள் ரெஜினா, அதெல்லாம் இப்போதே பேசிவிட வேண்டும் என்று விரும்புகிறவர்களின் குரலில். "பெரியவன் பிளஸ் டூ வாரான். அவன் படிக்க ஒரு எடம் வேணும்ல."

பிரகாசி தட்டைக் கழுவி வைத்துவிட்டு மேலே போய்த் தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டாள்.

இதற்கிடையில் பாத்தி ஊரைத் தாண்டியிருந்தது. முத்துலிங்கத்தின் மச்சினன் ஒருவன் சரக்குக் கப்பலில் வேலை பார்த்தான், கப்பல் நின்ற துறைமுகங்களில் எல்லாம் அதை யார் யாருக்கோ கொடுத்தான். வேறெங்கும் கட்டிகள் திரையை விட்டு வெளியே வரவில்லை. வராது என்று தெரிந்தும் விளையாடினார்கள். பனியில் அகப்பட்ட ஏதோ ஒரு ஊரில் ஒரு பள்ளிக்கூடமே சேர்ந்து ஒரு திமிங்கலத்தை, எலும்புகளோடு, வயிற்றுக்குள் ஒரு தபாலாபீஸோடு, கட்டியது. ஒருத்தி இறந்துபோன தன் தங்கையின் சமையலறையைக் கட்டினாள், கரண்டிவரை. ஒருவன் ஏன் என்றே தெரியாமல் கீழ்நோக்கி மட்டும் ஏறுகிற படிக்கட்டு ஒன்றை வருஷக்கணக்காகக் கட்டிக்கொண்டிருந்தான். முத்துலிங்கம் அந்தப் படங்களைக் கடையில் காட்டியபோது ஊர்க்காரர்கள் சிரித்தார்கள்.

"வேலையத்த பயலுவ. கையில வராததுக்கு இவ்வளவு பாடா?"

"திமிங்கலத்துக்கு எதுக்குல தபாலாபீஸு?"

"காம்பவுண்டு செவரே இல்ல பாத்தியா, ஒண்ணுலயும்."

உலகமே விளையாடுகிற ஒன்றைத் தேடிக்கொண்டு சென்னையிலிருந்து ஒரு கம்பெனி வந்தது. வந்தவன் ரகுநந்தன் என்று பெயர் சொன்னான்; அந்த வெயிலிலும் கோட்டு போட்டிருந்தான், ஷூவைக் கழற்றாமல் படிகளில் ஏறி அறைக்கு வந்தான், கீழே பார்க்கக்கூடாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

"மேடம், அருமையான விளையாட்டு. ஒரே ஒரு குறை. விளையாடறவனுக்கு எங்க போறோம்னு தெரியணும் இல்லையா?"

"எங்கயும் போக வேண்டாம். அங்கயே இருக்கலாம்."

"சும்மா எதுக்கு மேடம் இருக்கணும்?"

பிரகாசி அவனை நிமிர்ந்து பார்த்தாள். அண்ணனைவிட நல்ல துணியில் தைத்த கேள்வி, அவ்வளவுதான்.

விளையாட்டைக் கம்பெனிக்குக் கொடுக்கும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வரிசை நின்றது. கம்ப்யூட்டர் என்னுடையது என்று இன்ஜினியர் தாவீது போட்டார். அவள் சாப்பிட்டது என் வீட்டில் என்று சில்வேஸ்டர் போட்டான். ஊருக்குக் கொடுத்தது நான் என்று முத்துலிங்கம் போட்டான், கொஞ்சம் தலைகுனிந்து. கடைசியாக மிச்சம் இருந்த ஓரத்தில் பிரகாசி போட்டாள். அவள் கேட்டது ரெண்டு: விளையாட்டுக்கு முடிவு வைக்கக்கூடாது, அந்த அறையில் யாரும் கை வைக்கக்கூடாது. "கண்டிப்பா மேடம்," என்றான் ரகுநந்தன். ரெஜினா அவனுக்கு மக்ரூன் கொடுத்தாள்.

அடுத்த மாதமே முடிவு வைத்தார்கள். பாத்தியின் விளிம்பில்லாத தரைக்கு ஒரு விளிம்பு வந்தது, விளிம்பில் ஒரு வாசல், வாசலைத் தாண்டினால் மேளச் சத்தம், திரை முழுக்க வெற்றி என்று எழுத்து, பக்கத்தில் யார் முதல், யார் ரெண்டாவது. ஊர் பிறவிப்பயன் அடைந்தது. டியூஷன் மாஸ்டர் அதற்கு ஒரு வகுப்பு ஆரம்பித்தார், இதுவரை பாத்தி விளையாடினால் முட்டிபோட வைத்த பள்ளிக்கூடம் அதற்கு ஒரு பீரியடும் மதிப்பெண்ணும் ஒதுக்கியது, தாய்மார்கள் பிள்ளைகளைக் கட்டிகளை வீணாக்காமல் நேராக வாசலுக்குப் போகச் சொல்லி அதட்டினார்கள். முதலில் ஜெயித்தவர் டியூஷன் மாஸ்டரே. மாலை போட்டார்கள். மறுநாள் காலையில் அவர் வீட்டுச் சுவர் வேர்த்திருந்தது. மத்தியானத்துக்குள் அது மழையில் நனைந்த உப்பு மூட்டை மாதிரி சரிந்து, சாக்கடையில் வெள்ளையாக ஓடியது. பார்த்துக்கொண்டிருந்தவர்கள் ஐயோ பாவம் என்றார்கள், உள்ளே போய் வேகமாக விளையாடினார்கள், ஏனென்றால் ரெண்டாவது இடம் இன்னும் காலியாக இருந்தது.

ஒரு வாரத்தில் எல்லோரும் ஜெயித்துவிட்டார்கள். சுவர்கள் எல்லாம் கரைந்தன. ஒரு காலையில் ஊர் கதவைத் திறந்தபோது ஒருவர் வீட்டை ஒருவர் பார்த்தார்கள்: பனியனோடு பல்தேய்த்துக்கொண்டு, பழைய சோற்றைப் பிழிந்துகொண்டு, மாமியாரைத் திட்டிக்கொண்டு. பக்கத்து வீட்டிலும் அதே அடுப்பு அதே மூலையில் இருந்தது. அந்த அவமானத்தை அவர்களால் தாங்க முடியவில்லை. முடிவு இல்லாத பழைய பாத்தியைக் கேட்டு முத்துலிங்கத்தின் கடையை மொய்த்தார்கள். அவன் அந்தப் பென் டிரைவை மேஜை டிராயரில் வைத்திருந்தான். வெளியூர்களில் சுவர் ஒன்றும் கரையவில்லை. வாசலைத் தாண்டியவர்கள் போனை மூடி வைத்துவிட்டுத் திரும்ப வரவில்லை, அவ்வளவே. கம்பெனிக்கு அது போதுமான அதிர்ச்சியாக இருந்தது. வாசலை எடுத்தார்கள், விளிம்பை எடுத்தார்கள், முடிவே இல்லாத விளையாட்டைத் தாங்கள் கண்டுபிடித்துவிட்டதாக அறிவித்தார்கள். எல்லோரும் திரும்பி வந்தார்கள், முன்னைவிட அதிகமாக, இன்றுவரை போகவில்லை. ஊரில் சுவர்கள் மறுபடி எழும்பின, இந்தமுறை ரெண்டு கட்டி உயரமாக.

செத்தவர் வைத்த தெருச்சுவரைத் தவிர, கரையாமல் நின்றது பிரகாசியின் அறை மட்டும். அவள் புதிய பாத்தியைத் தொடவே இல்லை. அதனாலேயே அறை எல்லோர் கண்ணிலும் பட்டது.

"மேடம், இது வரலாறு," என்றான் ரகுநந்தன். இந்தமுறை மொட்டைமாடியில் நின்றே பேசினான், பக்கத்தில் சில்வேஸ்டரும் ரெஜினாவும். "பாத்தி பிறந்த இடம்னு இந்த அறையை நினைவில்லமா ஆக்கறோம். உங்க பாய், தலகாணி, டிபன் பாக்ஸ், எதையும் தொட மாட்டோம். சுத்தி ஒரு கயிறு கட்டிடுவோம். நீங்க பத்து மணியிலேர்ந்து அஞ்சு மணிவரைக்கும் உள்ள உட்கார்ந்திருந்தா போதும். ஜனங்க பார்ப்பாங்க."

"அஞ்சு மணிக்குப் பெறகு?"

"வெளியில பூட்டிடுவோம்."

"நான் எங்க படுக்க?"

"நல்லா கேட்ட போ," என்றாள் ரெஜினா. "நீ படுத்த எடம் எங்கட்டி போயிட்டு? ஃபிரிட்ஜ மட்டும் கொஞ்சம் தள்ளிப் போட்டிருக்கு. கால நீட்டலாம்."

"தாழ்ப்பாள்?"

"அதையும் கழட்டிருவோம் மேடம். உள்ள யாராவது போட்டுக்கிட்டா கஷ்டம்."

"கௌரவம்ட்டி," என்றான் சில்வேஸ்டர். "செத்த பெறகுதான் எல்லாத்துக்கும் நினைவில்லம் கட்டுவான். ஒனக்கு உசுரோட கட்டுதான். அந்தத் தாழ்ப்பாள வச்சிக்கிட்டு என்ன செய்யப் போற?"

பிரகாசி அவன் மறுபடி கட்டியிருந்த நாலு தூண்களையும் பார்த்தாள். தூணுக்கும் அறைக்கும் நடுவே இந்தமுறையும் அந்த ஒரு விரல்கடை வெளிச்சம் அப்படியே இருந்தது.

"சரிண்ணே," என்றாள்.

விழாவைத் தெருவிலேயே வைத்தார்கள். முனையில் புதிய வளைவு, அதன் நடுவில் கம்பெனித் தலைவரின் முகம், இருபக்கமும் சில்வேஸ்டரும் தாவீதும், மூன்றும் ஒரே முகமாக. கீழே குடும்பத்தாரின் பெயர்கள், வரிசையின் முடிவில் சின்ன எழுத்தில் 'மற்றும் தங்கை'. பந்தல்காரன் கடைசி நேரத்தில் கைவிரித்ததால் வெறும் வெயிலில் பிளாஸ்டிக் நாற்காலிகளைப் போட்டிருந்தார்கள். சாயங்காலம் நாலு மணி வெயில். ஒரு கட்டியைத் தலைக்கு மேலே வைத்தால் நிழல் கிடைத்திருக்கும், எல்லோர் மடியிலும் போன் இருந்தது. தூண் வைக்க இடமில்லை என்று கைக்குட்டையைத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். வரி போடுகிறவர் முன்வரிசையில் இருந்தார். முத்துலிங்கம் மைக் செட்டுக்குப் பக்கத்தில் நின்று யாரையும் பார்க்காமல் வயரைச் சுற்றிக்கொண்டிருந்தான். பிரகாசியை மேடைக்கு அழைக்கும்போது மேலேயிருந்து இறங்கி வரச் சொல்லியிருந்தார்கள், ஜனங்கள் பார்க்க நன்றாக இருக்கும் என்று.

அவள் மொட்டைமாடியில் நின்றாள். முதல் கட்டியின் மேல் மைனியின் நைட்டியும் பிள்ளைகளின் சீருடையும் காய்ந்து மொடமொடவென்று கிடந்தன. எடுத்து உதறி மடித்தாள், கைப்பிடிச் சுவரின் மேல் அடுக்கி, காற்றுக்குப் பறக்காமல் கிளிப் டப்பாவை மேலே வைத்தாள். முதல் கட்டியின் மேல் ஏறி அடுத்த படிக்குப் போய், குனிந்து முதல் கட்டியை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள். பிறகு அதற்கடுத்ததில் ஏறி நின்று, குனிந்து பின்னால் விட்டதை எடுத்தாள். அப்படியே ஒவ்வொன்றாக, மாடியைப் பெருக்கிக்கொண்டே பின்னால் போகிறவளைப் போல, அத்தனை படியையும் உள்ளே கொண்டுபோய் ஜன்னலடியில் அடுக்கினாள். அவற்றுக்குக் கனம் இல்லை. பிறகு தாழ்ப்பாளைப் போட்டாள்.

கீழே ரகுநந்தன் மைக்கில், சும்மா இருக்கிற மனிதனுக்கு ஒரு நோக்கத்தைக் கொடுத்தது பாத்தி என்று பேசிக்கொண்டிருந்தான்.

அவள் கிழக்குச் சுவரில் உள்ளங்கையை வைத்தாள். பீரோவை மூலைக்கு நகர்த்துகிற மாதிரி, அவசரமில்லாமல் தள்ளினாள். அறை நாலு தூண்களின் மேலிருந்தும் சத்தமில்லாமல் நழுவியது. மாடியின் விளிம்பைத் தாண்டியது. தெருவைத் தாண்டி உப்பளத்தின் பக்கம், அதற்கப்பால் கடலின் பக்கம், அவள் கை போகச் சொன்ன வேகத்தில் அது போயிற்று. அதற்கு முன்னால் அதன் நிழல் வளைவின் மேல் ஏறி, மூன்று முகங்களையும் ஒருமுறை கறுப்பாக்கி, இறங்கி, கூட்டத்தின் மேல் படர்ந்தது. முன்வரிசைக்காரர்கள் தலையிலிருந்து கைக்குட்டையை எடுத்தார்கள். ரகுநந்தன் நெற்றியைத் துடைத்துக்கொண்டு குரலை உயர்த்தினான்.

நிழல் நிற்காமல் நகர்ந்துகொண்டிருந்தது. வரி போடுகிறவர் எழுந்திருக்காமலே நாற்காலியைக் கிழக்கே இழுத்தார், அவரைப் பார்த்து அடுத்தவர் இழுத்தார், வரிசை வரிசையாகப் பிளாஸ்டிக் கால்கள் தார் ரோட்டில் கிரீச்சிட்டன. நினைவில்லத்தின் சாவியை மடியில் வைத்திருந்த ரெஜினா, பேச்சிலிருந்து கண்ணை எடுக்காமல், தன் நாற்காலியை நிழலோடு சேர்த்து ஒரு முழம் தள்ளிப் போட்டுக்கொண்டாள்.